கட்டி முப்பது ஆண்டுகளைக் கடந்த, நடுத்தர அளவுள்ள பயணிகள் கப்பல்: ஏறினால் எதை எதிர்பார்க்கலாம்?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோரைச் சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் பயணம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேறுவது கடினம். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைப் பற்றித் தேடியபோது, அது 1990ஆம் ஆண்டில் கட்டப்பட்டது என்றும் வேறு பெயர்களில் வேறு கடல்களில் ஓடியது என்றும் அறிந்தேன். விளம்பரப் படங்களில் எல்லாமே பளபளப்பாக இருக்கின்றன. பயணிகளின் கருத்துகளைப் படித்தாலோ ஒருவர் அரண்மனை என்கிறார், இன்னொருவர் பழைய லாட்ஜ் என்கிறார். இத்தகைய பழைய, நடுத்தர அளவுக் கப்பலில் உண்மையில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இயந்திர அறைக்காரர்

கப்பல் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் அரண்மனை, லாட்ஜ் என்ற இரண்டு கருத்துகளும் எங்கிருந்து வருகின்றன என்பது விளங்கிவிடும்.

பிரான்சின் சேன் நசேர் நகரில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1990இல் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் சேவையில் இது சேர்ந்தது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவுகளில் போய்த் திரும்பும் குறும்பயணங்களே இதன் நோக்கம். மூன்று இரவுக்கு வருபவர் அறையில் அதிக நேரம் இருக்கப்போவதில்லை, பெரிய பெட்டிகளும் கொண்டுவரப்போவதில்லை என்ற கணக்கில் அறைகளைச் சிறியவையாக அமைத்தார்கள். ஏறியவுடன் கண்ணில் படும் இடங்களுக்குத்தான் தாராளமாக இடம் ஒதுக்கினார்கள்: பல தளங்களை ஊடுருவி நிற்கும் நடுக்கூடம், பின்புறத்தில் இரண்டு தள உயரமுள்ள உணவுக்கூடம், அரங்கம் முதலியவை. எனவே நடுக்கூடத்தில் நின்று படம் எடுத்தவர் அரண்மனை என்கிறார். உட்புற அறையின் கதவைத் திறந்தவர் லாட்ஜ் என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை.

2004இல் எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ் என்று பெயர் மாறியது. 2008இல் ஸ்பெயினின் புல்மாந்தூர் நிறுவனத்துக்குச் சென்றது. 2016இல் ராயல் கரீபியனுக்கே திரும்பி வந்து, 2017 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் கப்பல்களில் முதலாவதாக ஹவானா துறைமுகத்தை அடைந்தது. 2019இல் அமெரிக்க அரசு கியூபாவுக்கான உல்லாசக் கப்பல் பயணங்களைத் தடைசெய்ததும் அந்த வழித்தடம் இல்லாமல் போயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் கைமாறி, 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து கார்டீலியா பெயரில் ஓடத் தொடங்கியது. சென்னையில் 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

அளவைப் பொறுத்தவரை இதன் மொத்தக் கொள்ளளவு 48,563 டன். (செய்தித்தாள்கள் இதை எடை என்று எழுதுகின்றன, கப்பலின் உட்புறக் கன அளவிலிருந்து கணக்கிடப்படும் எண் இது.) நீளம் சுமார் 211 மீட்டர். 2024இல் சேவைக்கு வந்த ஐக்கான் ஆஃப் த சீஸ் என்ற பெருங்கப்பல் இதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது. ஆனால் பயணிக்கு அந்த ஒப்பீட்டைவிடப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு: மொத்தக் கொள்ளளவை, அறைக்கு இருவர் வீதம் கிடைக்கும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எம்ப்ரஸில் சுமார் 1,600 பேர் என்று கொண்டால் விடை 30 வரும். ஐக்கானில் சுமார் 44 வரும். இந்த எண் குறைய குறைய மின்தூக்கி, பஃபே வரிசை, நீச்சல் குளம் ஆகியவற்றில் நெரிசல் கூடும். நம்மவர்கள் ஒரே அறையில் பிள்ளைகளுடன் நான்கு பேராகத் தங்குவதால், விடுமுறைக் காலத்தில் நடைமுறை நெரிசல் இந்தக் கணக்கு காட்டுவதையும் மிஞ்சிவிடும். பள்ளி விடுமுறையைத் தவிர்க்க முடியுமானால் தவிர்த்துவிடுங்கள்.

மாம்பலத்தார்

பொறியாளர் ஐயா அழகாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மேலை நாடுகளில் ஓடி ஓய்ந்து, அங்கே வேண்டாம் என்று ஆன கப்பல்களைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். இதே கார்டீலியா நிறுவனம் 1999இல் வந்த நார்வீஜியன் ஸ்கை, 2001இல் வந்த நார்வீஜியன் சன் ஆகியவற்றை வாடகைக்கு எடுக்கப்போவதாக 2025இல் அறிவித்திருக்கிறது. அவையும் கால் நூற்றாண்டைத் தொட்டவையே. வயதான பெற்றோரை இவற்றில் ஏற்றுவது பாதுகாப்பானதா? நெருப்பு பற்றினால், நடுக்கடலில் இயந்திரம் நின்றால் என்ன ஆகும்?

இயந்திர அறைக்காரர்

கேட்க வேண்டிய கேள்விதான், ஐயா. ஆனால் பாதுகாப்பைக் கட்டிய ஆண்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே பாறையில் மோதி 32 பேரைப் பலிகொண்ட கோஸ்டா கன்கோர்டியா, சேவைக்கு வந்து ஆறு ஆண்டுகள்கூட நிறையாத கப்பல். அங்கே தவறியது இரும்பு அன்று. கேப்டன் எடுத்த முடிவும், ஆட்களை வெளியேற்றிய விதமும்தான்.

பழைய கப்பல்களைப் பற்றிய உண்மையான அச்சம் மரப் பலகைகளைப் பற்றியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டப்பட்ட கப்பல்களில் எரியக்கூடிய பொருள்கள் ஏராளமாக இருந்தன. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் (சோலாஸ்) விதிகள் 2010 அக்டோபர் முதல் அத்தகைய கட்டுமானத்தைத் தடுத்ததால், அந்தத் தலைமுறைக் கப்பல்கள் உடைப்புத் தளங்களுக்குப் போய்விட்டன. 1990இல் கட்டப்பட்டது அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததன்று.

பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு முடிந்த பிறகே புதுப்பிக்கப்படும். இதற்கு மேல், கப்பலின் கட்டுமானத் தரத்தைச் சரிபார்க்கும் வகைப்பாட்டு அமைப்பின் ஆய்வு, உலர்துறையில் (கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுதுபார்க்கும் தளம்) ஏற்றிச் செய்யும் அடிப்பகுதி ஆய்வு ஆகியவை உண்டு. கப்பலில் உள்ள அனைவருக்கும் உயிர்காப்புக் கலங்களில் இடம் இருக்க வேண்டும் என்பதோடு, அதற்கு மேல் 25 விழுக்காட்டினருக்குப் போதுமான மிதவைகளும் இருக்க வேண்டும். இவ்விதிகள் பழைய கப்பல், புதிய கப்பல் என்று பாகுபாடு பார்ப்பதில்லை.

வயது தெரிவது வேறு இடங்களில். குழாய்கள் அரித்துப்போகும், குளிர்சாதனப் பிரிவுகள் ஒழுகும், காலையில் குழாயைத் திறந்தால் முதலில் சற்றுப் பழுப்பு நிறமாகத் தண்ணீர் வரலாம், ஏதாவது ஒரு மின்தூக்கி பழுதாகி நிற்கும். இவையெல்லாம் வசதிக் குறைவுகள். கப்பலின் வயதைக் கேட்பதற்குப் பதிலாக, அது கடைசியாக எப்போது உலர்துறையில் புதுப்பிக்கப்பட்டது, அதன்பின் எத்தனை காலம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். புதுப்பித்த மறு ஆண்டில் ஏறுவதும், அடுத்த புதுப்பிப்புக்கு முந்தைய மாதத்தில் ஏறுவதும் ஒரே அனுபவமாக இருக்காது.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெற்றோரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். ஏழு குறுகிய ஊதல்களும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை அவர்கள் நடந்து பார்த்தே அறிந்திருக்க வேண்டும். அப்போது மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது. அம்மாவுக்குப் படி இறங்குவது கடினம் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவித்துவிட்டால், உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள்.

மாம்பலத்தார்

விளக்கத்துக்கு நன்றி. சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனாலும் பழுப்புத் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள் என்ற என் வருத்தம் வருத்தமாகவே இருக்கிறது.

தென்றல்_மதுரை

காவிரிக்கரை சகோதரிக்கு, என் மாமியாருடன் இதே வயதும் அளவும் உள்ள ஒரு கப்பலில் சென்று வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். கப்பலின் பெயர் வேண்டாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதல் தடை குளியலறை வாசற்படிதான். தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க, பழைய கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு தடுப்பு மேடு வைத்திருப்பார்கள். பகலில் பழகிவிடும், இரவில் கப்பல் அசையும்போது, அரைத் தூக்கத்தில் எழுந்து போகும் முதியவருக்கு அது ஆபத்து. சிறு இரவு விளக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். குளிக்கும் இடம் மிகக் குறுகலாக இருக்கும். துணித் திரை ஈர உடம்பில் ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்து குளித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய சங்கடம். மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகளில் மேடு இருக்காது, கதவும் அகலமாக இருக்கும். ஆனால் அக்காலக் கப்பல்களில் அத்தகைய அறைகள் மிகச் சிலவே என்பதால் மாதக்கணக்கில் முன்னதாகக் கேட்க வேண்டும்.

எங்கள் அறையில் கூரையிலிருந்து இரண்டாம் நாள் தண்ணீர் சொட்டியது. பணியாளர் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். வரவேற்பு மேசைக்கு நேரில் சென்று வேறு அறை கேட்ட பிறகே வேலை நடந்தது. தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மின் இணைப்புக்கான துளைகள் அறைக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கைப்பேசியே இல்லாத காலத்தில் வரைந்த அறைகள் அல்லவா! பல வகைச் செருகிகளுக்குப் பொருந்தும் அடாப்டர் ஒன்று போதும். மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பெட்டியைக் கொண்டுபோனால் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இயந்திர அறைக்காரர்

சகோதரி சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன். கப்பலின் மின்சுற்று வீட்டிலுள்ளதைப் போல நிலத்தோடு இணைக்கப்பட்டதன்று. வீட்டுக்கென்று செய்த மின்னழுத்தப் பாதுகாப்புப் பெட்டி அங்கே சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கும் தடை இருப்பது தீ அச்சத்தினால்தான்.

கழிப்பறையைப் பற்றியும் ஒரு சொல். அது காற்றழுத்த உறிஞ்சலால் இயங்குவது. ஈரத்துடைப்புத் தாளையோ நாப்கினையோ ஒருவர் உள்ளே போட்டால், அந்தக் குழாய்த் தொடரில் உள்ள பல அறைகளில் கழிப்பறை வேலை செய்யாது. பழைய கப்பலில் குழாய்களின் உட்புறம் படிவு சேர்ந்து குறுகியிருப்பதால் இது அடிக்கடி நிகழும். கருத்துப் பக்கங்களில் வரும் புகார்களில் கணிசமானவற்றுக்கு மூலகாரணம் பக்கத்து அறைக்காரர்தான்.

வல்வைக் கடல்

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். பழைய நடுத்தரக் கப்பல் என்றதும் எல்லோரும் குறைகளையே பட்டியலிடுவதால், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நானும் மனைவியும் அலாஸ்காவுக்கு ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் சான்டாம் கப்பலில் சென்றோம். 2000ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த அந்தக் கப்பலின் கொள்ளளவு 61,000 டன்னுக்குச் சற்று மேல்; பயணிகள் சுமார் 1,430 பேர். அதில் சறுக்குமரமும் இல்லை, பந்தயக் கார்ப் பாதையும் இல்லை. நடுக்கூடத்தில் பெரியதொரு குழல் ஆர்கன் இருக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, கப்பலைச் சுற்றி முழு வட்டமாக நடக்கக்கூடிய, தேக்குப் பலகை பாவிய நடைதளம் ஒன்று உண்டு. தலைக்கு மேலே உயிர்காப்புப் படகுகள் நிழல் தரும். புதிய பெருங்கப்பல்கள் பலவற்றில் இப்படியொரு நடைதளம் கிடையாது. சிலவற்றில் இருந்தாலும் பாதியில் மறிக்கப்பட்டிருக்கும். பனிப்பாறை விரிகுடாத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளில் இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அங்கே நாங்கள் அந்த நடைதளத்தில் நின்று பனிச்சுவர் உடைந்து விழுவதை, கடலுக்கு மிக அருகிலிருந்து பார்த்தோம். பதினைந்தாம் மாடிப் பால்கனியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த அருகாமை கிடைக்காது.

அளவு சிறிதாக இருப்பதால் போக முடிகிற துறைமுகங்களும் வேறு. அமெரிக்காவின் தம்பா துறைமுகத்துக்குச் செல்ல ஒரு பாலத்தின் கீழ் நுழைய வேண்டும். அதன் உயரம் சுமார் 55 மீட்டர் என்பதால் இன்றைய பெருங்கப்பல்கள் அங்கே போக முடியாது. பழைய கப்பல்களே அந்தத் துறைமுகத்தை வாழவைக்கின்றன. இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் காங்கேசன்துறைக்கு எம்ப்ரஸ் 2023 ஜூனில் வந்தபோது ஊரே பார்க்கப் போனதாக உறவினர்கள் சொன்னார்கள். சென்னையில் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த வழித்தடம் அது. நாகபட்டினத்திலிருந்து வரும் சிறிய பயணிகள் கப்பலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 2023 அக்டோபரில் தொடங்கிய வேறு சேவை.

இலங்கைத் துறைமுகம் உள்ள பயணம் என்றால் அனைவருக்கும் கடவுச்சீட்டு வேண்டும். கரையில் கிடைக்கும் நேரம் சில மணித்தியாலங்களே. கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர்க் கோயில்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க எண்ணி அம்மாவைக் களைப்படையச் செய்ய வேண்டாம். எல்லோரும் இறங்கிய பிறகு கப்பல் அமைதியாக இருக்கும். அப்பொழுது நல்ல இருக்கைகள் யாவும் காலியாகக் கிடைக்கும். நடக்க இயலாதவர்கள் அன்று கப்பலிலேயே இருந்துவிடுவதும் ஒரு சுகம்தான்.

மாம்பலத்தார்

துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே இறங்குவது! 2022 ஜூனில் இதே கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது அனுமதி கிடைக்காமல் திரும்பியதை மறந்துவிட வேண்டாம்.

வல்வைக் கடல்

உண்மைதான் ஐயா. அனுமதி, காற்று, அலை என்று எது காரணமானாலும் துறைமுகத்தை மாற்றவோ விட்டுவிடவோ உரிமை உண்டு என்று எல்லா நிறுவனங்களும் பயணச்சீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கின்றன. ஒரு குறிப்பிட்ட கோயிலுக்குப் போவதற்காகவே கப்பல் ஏறுவது சரிவராது.

காவிரிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் இன்னும் உள்ளன. எந்தத் தளத்தில், எந்தப் பகுதியில் அறை எடுத்தால் நல்லது? கடல் மயக்கம் இவ்வளவு பெரிய கப்பலிலும் வருமா? அப்பா படகில் ஏறினாலே தலை சுற்றுகிறது என்பார்.

இயந்திர அறைக்காரர்

கப்பலின் அசைவு இரு வகை. பக்கவாட்டு உருளலை, நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் நீளும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பெருமளவு கட்டுப்படுத்தும். முன்பக்கம் எழுந்து பின்பக்கம் தாழும் அசைவை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குக் கப்பலின் நீளம்தான் மருந்து. 211 மீட்டர் என்பது மோசமில்லை, ஆனால் 360 மீட்டர் கப்பலில் தெரியாத அலை இதில் தெரியும். ஊஞ்சல் பலகை போல நடுப்பகுதி குறைவாகவும் இரு முனைகள் அதிகமாகவும் ஆடும் என்பதால், நீளத்தில் நடுவிலும் உயரத்தில் தாழ்ந்த தளத்திலும் அறை எடுங்கள். மேல்தளத்து முன்பக்க அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குபவர்கள் கூடுதல் ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

தாழ்ந்த தளம் என்றாலும் பின்முனை வேண்டாம். புரொப்பெல்லர் தண்ணீரைக் கிழிக்கும்போது எழும் அதிர்வு அங்கே கட்டிலிலேயே தெரியும். துறைமுகத்தை நெருங்கி இயந்திர வேகத்தை மாற்றும்போது கண்ணாடித் தம்ளர்கள் கலகலக்கும். முன்முனை அறைகளில் விடியற்காலையில் நங்கூரச் சங்கிலியின் ஓசையும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் ஓசையும் எழுப்பிவிடும். தளத்தின் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் எடுக்கும் அறைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இசை அரங்குக்கு மேலே உள்ள அறையில் நள்ளிரவு தாண்டியும் தூங்க முடியாது. இந்தியாவில் ஓடும் குறும்பயணங்களில் இரவு வெகுநேரம் பாட்டு ஒலிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாளரம் உள்ள அறை என்று பதிவு செய்தாலும், படகு மறைக்கும் அறையா என்று தனியே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். பால்கனி அறைகள் அக்கால வடிவமைப்பில் மிகக் குறைவு. பெற்றோருக்குச் சாளர அறை போதும். உட்புற அறை இதில் மிகச் சிறியது, வெளிச்சமும் வராது. அதை இளைஞர்களுக்கு விட்டுவிடலாம்.

காலத்தையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிப்பதால்தான் கப்பலை ஜூன் வாக்கில் கிழக்குக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அக்டோபருக்குப் பின் வங்கக்கடலில் புயல் சின்னங்கள் தோன்றும். சென்னையிலிருந்து செல்வதென்றால் ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட மாதங்களில் செல்வது நல்லது.

தென்றல்_மதுரை

மாத்திரையைப் பற்றி: அவோமின் போன்றவற்றைத் தலை சுற்றத் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை, முன்னதாகவே எடுக்க வேண்டும். ஆனால் அது தூக்கக் கலக்கத்தைத் தரும். கண் அழுத்த நோய், சிறுநீர்த் தடை உள்ள முதியவர்களுக்கு ஏற்றதன்று. அப்பாவின் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், கட்டணமும் இருக்கும். பயணக் காப்பீட்டில் கடற்பயணம் அடங்குமா என்பதைப் படித்துப் பாருங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவிலிருந்து ஓடும் கப்பலில் சைவமும் ஜைன உணவும் தனியாகவே கிடைக்கும். பஃபே திறந்த முதல் அரைமணி நேரத்தில் போகாமல் சற்றுத் தாமதித்துப் போனால் வரிசையில் நிற்க வேண்டியிராது. விலையைப் பார்க்கும்போது துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் ஊக்கத்தொகை ஆகியவை சேர்ந்ததா என்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணில் பெரும்பாலும் அவை இருக்காது. கரை கண்ணிலிருந்து மறைந்ததும் கைப்பேசியை விமான முறைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாக இணைந்தால் வரும் ரோமிங் தொகையைப் பார்த்து அப்பாவுக்கு உண்மையாகவே தலை சுற்றும்.

காவிரிக்கரை

நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில், படகு மறைக்காத சாளர அறையாகப் பார்த்துக் கேட்கிறேன். குளியலறை மேடு இல்லாத அறை கிடைக்குமா என்றும் எழுதிக் கேட்டுவிட்டு, பதிலை இங்கே தெரிவிக்கிறேன். மின்கெட்டிலுக்கு அனுமதி இல்லை என்றால், அம்மா விடியற்காலையில் குடிக்கும் வெந்நீருக்கு என்ன செய்வது?

தென்றல்_மதுரை

இரவு உணவு முடிந்து திரும்பும்போது பஃபேயில் உள்ள வெந்நீர்க் குழாயில் ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நல்ல ஃபிளாஸ்க்காக இருந்தால் காலை ஐந்து மணிக்கும் சூடு இருக்கும். ஏறும்போது வெறும் ஃபிளாஸ்க்கை யாரும் தடுப்பதில்லை.